வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது? வேதிவினை ஆற்றலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பதினொன்றாம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். தேர்வில் சூத்திரம் சரியாக வருகிறது, எண்ணும் சரியாக வருகிறது, குறி மட்டும் மாறிப்போகிறது. கூட்டலா கழித்தலா என்ற அந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். வெப்பம் எதை விட்டுக் கிளம்பி எதற்குள் போகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பழகினால் குறி தானாகச் சரியாக விழும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பழக்கத்துக்காகத்தான். பத்தாம் வகுப்பில் இருப்பவர்களும் முதல் நான்கு படிகளைத் தாராளமாகப் படிக்கலாம்.

எடுத்துக்காட்டுகளை நம் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். தோல் பதனிடும் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் பெரிய ரயில் சந்திப்புகளும் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தப் பாடத்தைப் புத்தகத்துக்குள் மட்டும் வைத்துப் படிக்க வேண்டியதில்லை.

முதல் படி: அமைப்பு எது, சூழல் எது என்று பிரியுங்கள்

தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவது பதனிடும் வேலையின் தொடக்கக் கட்டங்களில் ஒன்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டிலும் சுண்ணாம்பு ஊறவைப்பார்கள். சுட்ட சுண்ணாம்புக் கட்டியை டிரம்மில் போட்டு மேலே தண்ணீர் விட்டால் முதலில் கட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அப்புறம் கட்டியில் விரிசல் விடும், சீறும் சத்தம் கேட்கும், ஆவி கிளம்பும், கட்டி உப்பி உதிர்ந்து மாவாகும். டிரம்மை வெளியிலிருந்து தொட்டாலே கை சுடும்.

நடந்தது இதுதான்: கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆனது. வினையில் ஈடுபட்ட கால்சியம் ஆக்சைடும், அதோடு சேர்ந்த தண்ணீரும், கிடைத்த ஹைட்ராக்சைடும் அமைப்பு. வினையில் சேராமல் மிச்சம் நிற்கும் தண்ணீர், டிரம், சுற்றியுள்ள காற்று, டிரம்மைத் தொட்ட உங்கள் கை, எல்லாம் சூழல். ஒரே டிரம்முக்குள் இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அமைப்பிலும் மறு பங்கு சூழலிலும் நிற்பதுதான் பிள்ளைகளைக் குழப்புகிறது. இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று யோசியுங்கள்.

வெப்பமானி காட்டுவது அந்த மிச்சத் தண்ணீரின் வெப்பநிலையை, அதாவது சூழலை. சூழல் சூடானால் அந்த வெப்பத்தை அமைப்பு இழந்திருக்கிறது. அமைப்பு இழந்ததால் என்தால்பி மாற்றம், அதாவது மாறாத அழுத்தத்தில் அமைப்பு வாங்கிய அல்லது இழந்த வெப்பம், கழித்தல் குறி பெறுகிறது. இது வெப்ப உமிழ் வினை. சூழல் குளிர்ந்தால் அமைப்பு வாங்கிக்கொண்டது, கூட்டல் குறி, வெப்பக்கொள் வினை. வெப்பமானியில் ஏறினால் கழித்தல், இறங்கினால் கூட்டல். தலைகீழாகத் தோன்றும் இந்த விதிக்குக் காரணம், நாம் பார்ப்பது ஒரு பக்கத்தை, எழுதுவது மறுபக்கத்தை.

ஒரு எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். நீற்றுவதை, அதாவது தண்ணீர் விட்டு உதிரவைப்பதை, நின்று பார்க்கலாம், தள்ளி நின்று. கிட்டப் போய்க் குனிந்து பார்க்கக் கூடாது. மூடிய பாத்திரத்தில் ஒருபோதும் நீற்றக் கூடாது, ஆவி அழுத்தத்தில் வெடிக்கும்.

இரண்டாம் படி: கையில் குளிர்ச்சியை உணருங்கள்

வெப்பக்கொள் நிகழ்வை வீட்டிலேயே பார்க்கலாம். உரக்கடையில் கிடைக்கும் யூரியா போதும். இப்போது வருவது வேப்பெண்ணெய் பூசிய யூரியா, லேசான மஞ்சள் நிறமும் வேம்பு வாசனையும் இருக்கும். அதனால் சோதனைக்குப் பாதகமில்லை. ஸ்டீல் டம்ளரில் 100 மில்லி தண்ணீர் எடுத்து, 20 கிராம் யூரியாவைப் போட்டுக் கலக்குங்கள். அரை நிமிடத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் சில்லென்று ஆகும். காற்றில் ஈரம் அதிகமிருக்கும் நாளில் டம்ளர் வியர்க்கவும் செய்யும். சோதனை முடிந்ததும் அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம், கரைசலை நன்றாகத் தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

இது கரைதல்தானே, வேதிவினையா என்று ஆசிரியரிடம் கேட்டால் அது நல்ல கேள்வி. யூரியா மூலக்கூறு அப்படியேதான் இருக்கிறது, புதுப் பொருள் உருவாகவில்லை. உண்மையான வினை ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச் சோடாவைப் போடுங்கள். நுரை பொங்கும், கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், சாறு குளிரும். ஆனால் கணக்குப் பழக யூரியாவே வசதி, இறக்கம் தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் படி: வெப்பநிலையும் வெப்பமும் வேறு வேறு

கணக்குக்குத் தேவையான சூத்திரம் ஒன்றுதான்: நிறை, தன் வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம், மூன்றையும் பெருக்க வேண்டும். தண்ணீருக்குத் தன் வெப்ப ஏற்புத்திறன் 4.18, அதாவது ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். நீர்த்த கரைசலுக்கும் பள்ளிக் கணக்கில் இதையே வைத்துக்கொள்கிறோம்.

யூரியாச் சோதனையில் வெப்பநிலை 9 டிகிரி இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். கரைசலின் நிறை 100 கூட்டல் 20, ஆக 120 கிராம். 120 பெருக்கல் 4.18 பெருக்கல் 9, கிட்டத்தட்ட 4,514 ஜூல். யூரியாவின் மோலார் நிறை 60. 20 கிராம் என்பது மூன்றில் ஒரு மோல். எனவே ஒரு மோலுக்கு 13.5 கிலோஜூல், கூட்டல் குறியோடு. புத்தக மதிப்பு கிட்டத்தட்ட 15.

அந்த வித்தியாசம் எங்கே போனது? டம்ளர் குளிர்ந்ததும் அறைக் காற்று அதற்குள் வெப்பத்தை விட ஆரம்பித்துவிடும். மே மாதத்தில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கசிவு இன்னும் அதிகம். ஸ்டீல் டம்ளர் வெப்பத்தை எளிதாகக் கடத்துவதும் ஒரு காரணம். அளப்பதற்காகச் செய்யும்போது தேநீர்க் கடைக் காகிதக் கப் ஒன்றை இன்னொன்றுக்குள் நுழைத்து, மேலே தெர்மாகோல் துண்டால் மூடி, அதில் துளையிட்டு வெப்பமானியைச் செருகுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் செய்தால் எண் புத்தகத்துக்கு இன்னும் நெருங்கும். தண்ணீரைக் கலக்குவதற்கு முன்பே சில நிமிடங்கள் வெளியில் வைத்து அறை வெப்பநிலைக்கு வரவிடுவதும் முக்கியம்.

இப்போது ஆய்வகத்துக்குப் போவோம். ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. இரண்டையும் கலந்தால் வெப்பநிலை 6.9 டிகிரி ஏற வேண்டும். வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் நடுநிலையாகும்போது ஒரு மோல் தண்ணீர் உருவாக 57.3 கிலோஜூல் வெளியேறுகிறது; இங்கே 0.05 மோல், ஆக 2,865 ஜூல். அதை 100 கிராமாலும் 4.18ஆலும் வகுத்தால் 6.9.

அதே கரைசல்களை 50க்குப் பதில் 100, 100 மில்லி எடுத்தால் எத்தனை டிகிரி ஏறும்? இரண்டு மடங்கு என்று சொல்லத்தான் வாய் வரும். விடை அதே 6.9. வெப்பம் இரண்டு மடங்கு ஆனது, அதை வாங்கிக்கொள்ளும் தண்ணீரும் இரண்டு மடங்கு ஆனது. இந்தக் கேள்வியை நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதற்குச் சரியாகப் பதில் சொல்லி, ஏன் என்றும் விளக்க முடிந்தால் பாடத்தின் முதுகெலும்பு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் எடுத்தாலும் அதே 57.3தான். நீர்த்த கரைசலில் உண்மையில் சேர்வது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் மட்டுமே. அசிட்டிக் அமிலம் எடுத்தால் கொஞ்சம் குறையும், அது முழுதாக அயனியாகப் பிரிந்திருக்கவில்லை என்பதால்.

நான்காம் படி: பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வராது

பிள்ளைகள் மனத்தில் ஆழமாக உட்கார்ந்திருக்கும் தவறான எண்ணம் இது: பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும். உயிரியல் பாடத்தில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு பற்றிப் படிக்கும்போது இந்த எண்ணம் இன்னும் இறுகிவிடுகிறது. உண்மை நேர் எதிர். ஒட்டிக்கிடக்கும் இரண்டு காந்தங்களைப் பிரிக்க நாம்தான் இழுக்க வேண்டும். கிட்டக் கொண்டுவந்து விட்டால் அவை டப்பென்று தாமாகவே ஒட்டும். அணுக்களும் அப்படித்தான். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் கொடுக்க வேண்டும். பிணைப்பு உருவாகும்போது எப்போதும் ஆற்றல் வெளிவரும். இதற்கு விதிவிலக்குத் தேடி அலைய வேண்டாம்.

ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து இரண்டு மூலக்கூறு ஹைட்ரஜன் குளோரைடு ஆகும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு 436 கிலோஜூல், குளோரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க 242, மொத்தச் செலவு 678. ஒரு ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்பு உருவாகும்போது 431 வரவு. இரண்டு பிணைப்பு, ஆக 862. செலவிலிருந்து வரவைக் கழித்தால் மைனஸ் 184. வரவு பெரிது, வினை வெப்ப உமிழ் வினை.

நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகும் வினையில் இது தலைகீழ். நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க மட்டும் 945 கிலோஜூல் வேண்டும். புதுப் பிணைப்புகள் அந்தச் செலவை ஈடுகட்டுவதில்லை. அதனால்தான் நம்மைச் சுற்றிக் காற்றில் இரண்டும் கலந்தே இருந்தும் சும்மா இருக்கின்றன. மின்னல் அடிக்கும்போதோ எஞ்சினுக்குள் பயங்கரச் சூட்டிலோதான் சேர்கின்றன.

பிணைப்பு ஆற்றல் கணக்கில் குறிச் சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு. மற்ற கணக்குகளில் விளைபொருளிலிருந்து வினைபடு பொருளைக் கழிப்போம். இங்கே மட்டும் உடைத்ததிலிருந்து உருவானதைக் கழிக்கிறோம், அதாவது வினைபடு பொருள் முன்னால் வருகிறது. மனப்பாடம் செய்யாதீர்கள். உடைப்பது செலவு, உருவாவது வரவு என்று நினைத்தால் போதும்.

ஐந்தாம் படி: வெப்பம் தரும் வினைக்கும் ஒரு தூண்டல் வேண்டும்

குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பெயர்போன ஊர். பெட்டிக்குள் குச்சிகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன, எரிவதில்லை. உரசிய நொடியில் பற்றுகின்றன. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் இருக்கின்றன. உரசும்போது எழும் சூட்டில் பாஸ்பரஸ் முதலில் வினைபட்டு, அந்த வெப்பம் தலையைப் பற்றவைக்கிறது, தலையின் வெப்பம் மரத்தைப் பற்றவைக்கிறது.

வினை முடிவில் எவ்வளவு வெப்பம் தந்தாலும், தொடங்குவதற்குச் சில பிணைப்புகளை முதலில் தளர்த்தியாக வேண்டும். அந்தத் தடைதான் கிளர்வு ஆற்றல். வரைபடம் போடும்போது வினைபடு பொருளிலிருந்து நேராகக் கோடு இறங்கக் கூடாது, முதலில் மேடு ஏறித்தான் இறங்க வேண்டும். வினையூக்கி சேர்த்தால் மேட்டின் உயரம் குறையும். தொடக்க மட்டமும் முடிவு மட்டமும் அப்படியே இருக்கும். ஆகவே என்தால்பி மாற்றம் மாறாது. ஒரு மதிப்பெண் கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

ஆறாம் படி: ஹெஸ் விதியைச் சுண்ணாம்பில் பாருங்கள்

ஜெர்மைன் ஹென்றி ஹெஸ் ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வேலை செய்த வேதியியலாளர். 1840இல் அவர் சொன்னது: ஒரு வினை ஒரே கட்டத்தில் நடந்தாலும் பல கட்டங்களில் நடந்தாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே. இதற்குச் சுண்ணாம்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது, ஏனென்றால் சுண்ணாம்பு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது.

முதல் கட்டம் காளவாயில். சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட், கிட்டத்தட்ட 900 டிகிரியில் சுடப்பட்டுக் கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது. மோலுக்குப் பிளஸ் 178.3 கிலோஜூல். காளவாயில் விறகோ கரியோ எரித்துக்கொண்டே இருக்க வேண்டிய காரணம் இதுதான்.

இரண்டாம் கட்டம் நாம் முதலில் பார்த்த டிரம்மில். நீற்றும்போது மைனஸ் 65.2. சின்ன எண்ணாகத் தோன்றினால் கிலோவுக்கு மாற்றிப் பாருங்கள். கால்சியம் ஆக்சைடின் மோலார் நிறை 56. ஒரு கிலோவில் 17.9 மோல், வெளிவருவது கிட்டத்தட்ட 1,160 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக 293 கிலோஜூல் போதும். ஆக, வெப்பம் வீணாகாவிட்டால் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடும். அடுப்பில்லாமல் டிரம் கொதிப்பது இப்படித்தான்.

மூன்றாம் கட்டம் சுவரில். அடித்த வெள்ளை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது, தண்ணீர் வெளியேறுகிறது. மைனஸ் 113.1. வட ஆற்காட்டுப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து இறுகியதும் இதே வினையால்தான்.

மூன்றையும் கூட்டுங்கள்: 178.3, கழித்தல் 65.2, கழித்தல் 113.1. பூஜ்யம். காளவாயில் கொடுத்த ஆற்றல் முழுவதும் ஒரு பங்கு டிரம்மிலும் மறு பங்கு சுவரிலும் திரும்பி வந்துவிட்டது. கல்லாகப் புறப்பட்டது வேதியியல்படி கல்லாகவே வந்து சேர்ந்ததால் நிகர மாற்றம் ஒன்றுமில்லை. தோற்றமும் வழியும் எப்படி மாறினாலும் என்தால்பி தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கிறது.

இங்கே கூர்மையான மாணவி ஒருத்தி கேட்க வேண்டிய கேள்வி: டிரம்மில் 65 கிலோஜூலுக்கே கை சுட்டது, சுவரில் 113 வருகிறதே, வெள்ளையடித்த சுவர் ஏன் சுடவில்லை? நீற்றுவது நிமிடங்களில் முடிகிறது, சுவர் இறுகுவது வாரக்கணக்கில், சாந்தானால் வருடக்கணக்கில் நடக்கிறது. வெளிவரும் வெப்பம் அவ்வப்போதே காற்றில் கலந்துவிடும். எவ்வளவு வெப்பம் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகத்தில் என்பது வேறு கேள்வி. என்தால்பி முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

இன்னொன்றும் பாருங்கள். 113.1 என்ற எண் வெளியேறும் தண்ணீர் திரவமாக இருப்பதாக வைத்துக் கிடைத்தது. அது ஆவியாகப் போனால் மோலுக்கு 44 கிலோஜூல் எடுத்துக்கொண்டு போகும், மிச்சம் 69தான். சமன்பாட்டில் திண்மம், திரவம், வாயு என்று அடைப்புக்குள் போடச் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. ஹைட்ரஜன் எரிவதற்கு மைனஸ் 286, மைனஸ் 242 என்று இரண்டு எண்களைப் பார்த்தால் பதற வேண்டாம். முதலாவது திரவ நீருக்கு, இரண்டாவது நீராவிக்கு.

ஏழாம் படி: உருவாதல் என்தால்பியில் கணக்கு

ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் என்தால்பி மாற்றம்தான் உருவாதல் என்தால்பி. ஹெஸ் விதி புரிந்தால் இது சின்ன வேலை. காட்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தைச் சேர்க்கும் வேலை நடப்பதைப் பார்த்திருக்கலாம். மூசை என்ற உருக்கும் கலத்திலிருந்து வெள்ளைச் சூட்டில் உருகிய இரும்பு இரண்டு தண்டவாளத்துக்கு இடையே இறங்கும். அது தெர்மைட் முறை. அலுமினியப் பொடி, இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது.

அலுமினியம் ஆக்சைடின் உருவாதல் என்தால்பி மைனஸ் 1675.7, இரும்பு ஆக்சைடுக்கு மைனஸ் 824.2, தனிமங்களான அலுமினியத்துக்கும் இரும்புக்கும் பூஜ்யம். விளைபொருளிலிருந்து வினைபடு பொருளைக் கழித்தால் மைனஸ் 851.5 கிலோஜூல். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். இந்த வினை அதைத் தாண்டிப் போகிறது. இதை எந்த ஆய்வகத்திலும் எந்த மாடியிலும் செய்து பார்க்க முயலவே கூடாது. உருகிய இரும்பு தெறித்தால் அணைக்க வழியில்லை, தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம்.

விடைத்தாளில்

குறியை எண்ணுக்கு முன்னால் எழுதுங்கள், கடைசியில் சேர்க்கலாம் என்று விடாதீர்கள். ஜூலா கிலோஜூலா என்று ஒரு முறை பாருங்கள், 4.18 வந்த கணக்கு ஜூலில் இருக்கும், உருவாதல் என்தால்பி கிலோஜூலில் இருக்கும். வினையைத் திருப்பினால் குறியைத் திருப்புங்கள், இரண்டால் பெருக்கினால் என்தால்பியையும் இரண்டால் பெருக்குங்கள்.

ஒரு கணக்கைத் தருகிறேன். இரண்டு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, இரண்டு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி, இரண்டும் 30 டிகிரியில் இருக்கின்றன. கலந்தபின் வெப்பநிலை என்ன? 43.7 என்று வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். 36.9 என்று வந்தால் மூன்றாம் படியை மறுபடி படித்து, இந்த முறை எதெல்லாம் இரண்டு மடங்கானது, எது ஆகவில்லை என்று எழுதிப் பாருங்கள்.